கடல்நீர் அமிலமாகும்போது கடல் முள்ளெலிக்குள் என்ன நடக்கிறது: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கடல் அமிலமயமாதல் என்றதும் பெரும்பாலானோர் மனதில் ஒரே காட்சிதான் வரும்: அமிலத்தில் விழுந்த சுண்ணாம்பாக ஓடுகள் கரைந்துபோவது. உருண்டையான ஓடும் மேலெல்லாம் முட்களும் கொண்ட கடல் உயிரினமான கடல் முள்ளெலி (sea urchin) விஷயத்தில் இந்தக் காட்சியை நம்பிப் போனால் முக்கியமான பல விஷயங்களைத் தவறவிட்டுவிடுவோம். உயிரோடு இருக்கும் முள்ளெலி அவ்வளவு சுலபமாகக் கரைந்துவிடாது. கரையாமல் இருக்க அதன் உடல் ஓயாமல் வேலை செய்கிறது. அந்த வேலைக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் வளர்ச்சியிலிருந்தோ, முட்டையிலிருந்தோ, நடமாட்டத்திலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் செலவு எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால், ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் ஆய்வு முடிவுகளில் பல தாமாகவே பொருந்தி வரும்.

நீரில் தொடங்குவோம். அப்புறம் உடல் திரவம், எலும்புக்கூடு, இனப்பெருக்கம், லார்வா (நீரில் மிதக்கும் இளம்பருவம்), வளர்ந்த விலங்கு, அதன் நடத்தை என்று ஒவ்வொன்றாகப் போவோம். கடைசியில் சோதனை செய்வது எப்படி, முடிவுகளைப் படிப்பது எப்படி என்பதையும் பார்க்கலாம்.

படி 1: நீரின் வேதியியலைப் புரிந்துகொள்ளுங்கள்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டைஆக்சைடு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் எடுக்கப்பட்டுவரும் அளவீடுகளில் இந்த ஏற்றம் ஆண்டுக்கு ஆண்டு பதிவாகியிருக்கிறது. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு கடலுக்குள் போய்ச் சேர்கிறது.

கடலுக்குள் போன வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது பிரிந்து ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஒரு பைகார்பனேட் அயனியையும் தருகிறது. வெளிப்பட்ட ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பாலானவை நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட்டோடு சேர்ந்து அதையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. ஆக, ஒரே காரணத்தால் மூன்று மாற்றங்கள் வருகின்றன: கரைந்த கார்பன் டைஆக்சைடு கூடுகிறது, பிஎச் (அமில-கார அளவு; இது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) குறைகிறது, கார்பனேட் குறைகிறது. இந்த மூன்றையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முள்ளெலியின் வெவ்வேறு உறுப்புகள் இவற்றில் வெவ்வேறு ஒன்றைத்தான் உணர்கின்றன.

மேற்பரப்புக் கடல்நீரின் சராசரி பிஎச் சுமார் 8.2இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் பிஎச் மடக்கை அளவுகோல் என்பதால், இந்த 0.1 இறக்கம் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியதைக் காட்டுகிறது. உமிழ்வு குறையாமல் போனால் நூற்றாண்டின் இறுதியில் பிஎச் 7.7ஐ ஒட்டி இருக்கலாம் என்பது கணிப்பு. அப்போதும் கடல்நீர் காரத்தன்மையோடுதான் இருக்கும், ஆனால் 8.1இல் இருந்ததைப்போல இரண்டரை மடங்கு ஹைட்ரஜன் அயனி அதில் இருக்கும்.

சராசரியைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கலிஃபோர்னியா, ஆரெகன் கரையோரங்களில் காற்று மேல்நீரைத் தள்ள, கார்பன் டைஆக்சைடு மிகுந்த ஆழ்நீர் மேலேறி வரும். அங்கே வாழும் ஊதாக் கடல் முள்ளெலி, எதிர்காலத்துக்கானது என்று நாம் பேசும் பிஎச் அளவுகளை இப்போதே அவ்வப்போது சந்திக்கிறது. கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடுகளில் பகலில் ஒளிச்சேர்க்கை பிஎச்சை உயர்த்தும், இரவில் சுவாசம் அதை இறக்கும். ஆகவே எந்த முள்ளெலியைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது, அது இதுவரை எப்படிப்பட்ட நீரில் வாழ்ந்து வந்தது என்பதுதான்.

படி 2: உடற்குழித் திரவத்தைப் பாருங்கள்

முள்ளெலியின் ஓட்டைத் திறந்தால் உள்ளே பெரும்பகுதி திரவம்தான். குடலும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் அதில் மிதப்பதுபோல இருக்கும். உப்பளவில் ஏறக்குறைய கடல்நீரைப் போன்றதே இந்தத் திரவம். நம் உடலில் ரத்தம் செய்யும் பல வேலைகளை இது செய்கிறது. ஆனால் ரத்தத்தைப்போல ஹீமோகுளோபினோ நிறையப் புரதமோ இதில் கிடையாது. அதனால் அமிலம் சேரும்போது அதைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி இதற்குக் குறைவு.

பலர் எதிர்பார்க்காத ஒரு விவரம் இங்கே இருக்கிறது. இயல்பான கடலில், எந்தப் பாதிப்பும் இல்லாத முள்ளெலியின் உடற்குழித் திரவத்தின் பிஎச் பெரும்பாலும் 7.0க்கும் 7.6க்கும் இடையில்தான் இருக்கும். அதாவது வெளியே 8.1 இருக்கும்போதே, உள்ளே 2100ஆம் ஆண்டுக் கடலைவிடத் தாழ்ந்த பிஎச். காரணம் அதன் சொந்த சுவாசம். திசுக்கள் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு திரவத்தில் சேர்ந்து, குழாய்க் கால்கள் (நகரவும் ஒட்டிக்கொள்ளவும் உதவும் மெல்லிய, நீர் நிறைந்த கால்கள்) வழியாகவும் வாயைச் சுற்றியுள்ள சிறு செவுள்கள் வழியாகவும் கசிந்து வெளியேறுகிறது. இதற்கென்று தனி விசை எதுவும் இல்லை. உள்ளே அதிகம், வெளியே குறைவு என்ற வேறுபாடு ஒன்றுதான் வாயுவை வெளியே தள்ளுகிறது.

வெளியே கார்பன் டைஆக்சைடு கூடும்போது அந்த வேறுபாடு சுருங்குகிறது. பழைய வேகத்தில் வாயு வெளியேற வேண்டுமானால் உள்ளேயும் அளவு ஏறியாக வேண்டும். ஏறினால் திரவத்தின் பிஎச் இறங்கும். முள்ளெலிக்கு விழும் முதல் அடி இதுதான், அதுவும் ஓட்டில் படுவதற்கு முன்பே.

இதற்குச் சில இனங்களிடம் பதில் இருக்கிறது. வடக்குக் கடல்களின் பச்சைக் கடல் முள்ளெலியை 45 நாள் வரை கார்பன் டைஆக்சைடு கூடிய நீரில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மிதமான அளவு வரை அது தன் திரவத்தில் பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொண்டு பிஎச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. அளவு மிகவும் கூடியபோது அதனால் முழுமையாக ஈடுகட்ட முடியவில்லை. அதோடு அம்மோனியா கழிவு கூடியது. உடல் தன் புரதத்தை அதிகமாக எரிக்கிறது என்பதற்கு அது அடையாளம். மத்தியதரைக் கடலின் பாராசென்ட்ரோடஸ் லிவிடஸ் இனமும் பைகார்பனேட்டைச் சேர்க்கக்கூடியது. பென்சில் முள்ளெலிகள் எனப்படும் பழமையான சிடராய்டு கிளை வேறு மாதிரி: அவற்றின் திரவம் இயல்பிலேயே தாழ்ந்த பிஎச் கொண்டது, பைகார்பனேட்டைச் சேர்த்து ஈடுகட்டும் வழக்கம் அவற்றிடம் காணப்படவில்லை.

படி 3: எலும்புக்கூடு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்

முள்ளெலியின் ஓடு சிப்பியின் ஓட்டைப்போல வெளியே போர்த்தியது அல்ல. அதன் மேல் உயிருள்ள மெல்லிய தோல் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் முட்களின் மேலும் அந்தத் தோல் தொடர்வது தெரியும். எனவே இது உள் எலும்புக்கூடு. வெளி நீர் அதை நேரடியாகத் தொடுவதில்லை. சிடராய்டுகள் இதற்கு விதிவிலக்கு. முழுதாக வளர்ந்த அவற்றின் பெரிய முட்களில் தோல் இருக்காது, பாசியும் சிறு உயிரிகளும் ஒட்டி வளரும். அந்த முட்களை நீர் நேரடியாக அரிக்க முடியும். இறந்த முள்ளெலியின் ஓடும் அப்படித்தான். இறந்த ஓட்டை அமில நீரில் போட்டுப் பார்த்த முடிவை, உயிருள்ள விலங்குக்கு அப்படியே பொருத்திப் பேசக் கூடாது.

சரி, தோல் காப்பாற்றும் என்றால் பிரச்சினை எங்கே? கட்டுமானத்தில் இருக்கிறது. முள்ளெலியின் எலும்புக்கூடு மக்னீசியம் கலந்த கால்சைட்டால் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) ஆனது. மக்னீசியம் கூடக்கூட இந்தக் கனிமம் எளிதாகக் கரையும். முதலில் படிக வடிவம் இல்லாத கால்சியம் கார்பனேட்டாகச் செல்களுக்குள் உருவாகி, அப்புறம்தான் அது படிகமாகிறது. பைகார்பனேட்டிலிருந்து கார்பனேட் உருவாகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஹைட்ரஜன் அயனி மிஞ்சும். அதைச் செல்லை விட்டு வெளியேற்றாவிட்டால் கட்டுமானம் அப்படியே நின்றுவிடும். சுற்றியுள்ள திரவத்தில் ஏற்கெனவே ஹைட்ரஜன் அயனி நெரிசலாக இருந்தால், வெளியேற்றும் வேலை இன்னும் கடினமாகிறது.

இந்த வேலைக்கு ஓய்வும் கிடையாது. அரிஸ்டாட்டில் விளக்கு என்ற தாடை அமைப்பில் இருக்கும் ஐந்து பற்கள் பாறையைச் சுரண்டித் தேய்ந்துகொண்டே இருக்கும், பின்னாலிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். உடைந்த முள் மறுபடி முளைக்கும். ஆக, கனிமம் படியவைக்கும் செலவு வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறது. டிரிப்னூஸ்டிஸ் கிராட்டில்லா என்ற வெப்பமண்டல இனத்தைத் தாழ்ந்த பிஎச் நீரில் வளர்த்தபோது அதன் ஓட்டின் வலிமை குறைந்தது. நண்டும் மீனும் ஓட்டை உடைத்துத் தின்னும் கடலில் இதன் அர்த்தம் எளிதில் புரியும்.

படி 4: விந்தும் முட்டையும்

முள்ளெலிகள் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விட்டுவிடும்; கருவுறுதல் வெளியில்தான் நடக்கும். எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் வியப்பளிக்கும் பகுதி இது. காரணம், விந்தணு விழித்தெழுவதே பிஎச்சைப் பொறுத்தது. உடலுக்குள் இருக்கும்போது சுற்றிலும் கார்பன் டைஆக்சைடு அதிகம், பிஎச் தாழ்வு. விந்தணு அசையாமல் கிடக்கும். கடல்நீரில் விழுந்ததும் அது சோடியத்தை உள்ளே எடுத்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. உள் பிஎச் ஏறுகிறது. வாலை இயக்கும் டைனின் என்ற மோட்டார் புரதம் அந்த ஏற்றத்தில்தான் வேலையைத் தொடங்கும். முட்டையிலும் இதே போன்ற ஒன்று நடக்கிறது. கருவுற்ற சில நிமிடங்களில் முட்டையின் உள் பிஎச் உயர்ந்து, உறங்கிக் கிடந்த புரத உற்பத்தி தொடங்குகிறது. அமிலமாகும் கடல் இந்த இரண்டு பிஎச் ஏற்றங்களையும் தொடுகிறது.

2008இல் ஆஸ்திரேலிய இனமான ஹீலியோசிடாரிஸ் எரித்ரோகிராமாவைக் கொண்டு செய்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். பிஎச் 7.7 நீரில் விந்தணுவின் நீந்தும் வேகம் சுமார் 12 சதவீதம் குறைந்தது. நீந்தும் விந்தணுக்களின் பங்கு சுமார் 16 சதவீதம் குறைந்தது. கருவுறுதலும் சரிந்தது. அடுத்த ஆண்டே, அதே இனத்தில், வேறொரு குழு அந்தப் பிஎச் அளவுகளில் கருவுறுதலுக்குப் பாதிப்பே இல்லை என்றும் ஆரம்பகட்ட வளர்ச்சியைக் கெடுத்தது வெப்பநிலைதான் என்றும் கண்டது.

யார் சொல்வது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரு ஆண், ஒரு பெண் என்று தனித்தனி ஜோடிகளாகச் சேர்த்துப் பார்த்தால் ஜோடிக்கு ஜோடி பெரிய வேறுபாடு வெளிப்படும். பல ஆண்களின் விந்தை ஒன்றாகக் கலந்தால் வலுவான விந்தணுக்கள் மற்றவற்றின் குறையை மறைத்துவிடும். விந்தணு மிகுதியாக இருந்தாலும் அப்படித்தான். கடலில் நிஜமாக எது நடக்கிறது என்பது முள்ளெலிகள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கின்றன என்பதைப் பொறுத்தது. அடர்த்தியான கூட்டத்தில் பாதிப்பு தெரியாமலேயே போகலாம். சிதறிக் கிடக்கும் கூட்டத்தில்தான் வேகம் குறைந்த ஒவ்வொரு விந்தணுவும் கணக்கில் வரும்.

படி 5: லார்வா

நேரத்தை அதிகம் செலவிட்டுப் படிக்க வேண்டிய கட்டம் இது. கருவுற்ற சில நாட்களில் ஊதா முள்ளெலியின் கரு, நான்கு கைகள் கொண்ட புளூட்டியஸ் லார்வாவாகிவிடும். கண்ணாடிபோலத் தெளிந்த உடல். உள்ளே ஊசிகளாகத் தெரியும் இரண்டு எலும்புச் சட்டங்கள் அந்தக் கைகளைத் தாங்கிப் பிடிக்கும். கைகளின் ஓரமெங்கும் அசையும் நுண்மயிர்கள் நீரை ஓட்டி நுண்பாசியை வாய்க்குக் கொண்டுவரும். கை குட்டையானால் பிடிபடும் உணவும் குறையும்.

அமில நீரில் பெரும்பாலான இனங்களின் லார்வாக்கள் குட்டையான கைகளோடு காணப்படுகின்றன. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் நாள் லார்வாவை மூன்றாம் நாள் லார்வாவோடு ஒப்பிட்டால் அமில நீரில் வளர்ந்தது சிறியதாகத் தெரியும். அதே வளர்ச்சிக் கட்டத்தை எட்டும் வரை காத்திருந்து ஒப்பிட்டால் பல நேரங்களில் வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். அதாவது லார்வா எப்போதும் சிதைந்து போகவில்லை, தாமதமாகியிருக்கிறது. தாமதம் என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. லார்வா நீரில் மிதக்கும் ஒவ்வொரு கூடுதல் நாளும் மீன்குஞ்சுகளுக்கும் பிற வேட்டையாடிகளுக்கும் இரையாகும் இன்னொரு நாள்.

தாமதம் ஏன்? எலும்பைக் கட்டும் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, லார்வாவின் உடற்குழிக்குள் வலைபோலப் பரவியிருக்கும். அந்தக் குழியின் பிஎச்சை லார்வாவால் கட்டுப்படுத்த முடியாது. வெளி நீர் என்னவோ அதேதான் உள்ளேயும். 2012இல் இது அளந்து காட்டப்பட்டது. எனவே ஒவ்வொரு செல்லும் தன் உள் பிஎச்சைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அவை பைகார்பனேட்டை உள்ளே இழுக்கின்றன. அது செலவு.

வயிற்றிலும் ஒரு செலவு. லார்வாவின் வயிறு நம் வயிற்றுக்கு நேர்மாறானது: கடும் காரம், பிஎச் சுமார் 9.5. அந்தக் காரத்தில்தான் அதன் செரிமான நொதிகள் நன்றாக வேலை செய்யும். பச்சைக் கடல் முள்ளெலியின் லார்வாக்களில் 2013இல் கண்டறிந்தது இது: அமில நீரில் வயிற்றின் பிஎச் இறங்கியது, செரிமானம் மெதுவானது, அதை ஈடுகட்ட லார்வாக்கள் அதிகமாக உண்ணத் தொடங்கின. ஆய்வகத்தில் உணவு தாராளமாகக் கிடைக்கும். அதிகமாக உண்டு சமாளித்துவிடலாம். உணவு அரிதான திறந்த கடலில் அந்த வழி எல்லா நேரமும் திறந்திருக்காது. ஆய்வகத்தில் உணவு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எழுதாத ஆய்வை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இந்தக் கணக்கை மிகத் தெளிவாகக் காட்டியது ஊதா முள்ளெலி லார்வாவில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு. கார்பன் டைஆக்சைடு கூடிய நீரில் வளர்ந்த லார்வாக்கள் வெளித்தோற்றத்தில் பெரிதாக மாறவில்லை. மொத்த வளர்சிதை மாற்ற வேகமும் மாறவில்லை. ஆனால் உள்ளே, செல்கள் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபியில், கிடைப்பதில் சுமார் 84 சதவீதம் புரத உற்பத்திக்கும் அயனிகளைக் கடத்துவதற்கும் மட்டுமே போனது; இயல்பான நீரில் இருந்ததைவிட இது வெகு அதிகம். மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல் வாடகைக்கும் மருந்துக்கும் போய்விடும் குடும்பத்தைப் போன்றது இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வழக்கம்போலவே தெரியும். வெப்ப அலையோ உணவுப் பஞ்சமோ வந்தால் சமாளிக்க மட்டும் கையில் எதுவும் மிஞ்சாது. "அளவில் மாற்றம் இல்லை, எனவே பாதிப்பு இல்லை" என்ற முடிவை நாம் ஏற்கத் தயங்க வேண்டிய காரணம் இதுவே.

படி 6: தரையில் இறங்கும் குஞ்சு

லார்வா பருவத்தின் முடிவில் முள்ளெலி கடல்தரையில் இறங்கி உருமாறுகிறது. எங்கே இறங்குவது என்பதை அது ரசாயனக் குறிப்புகளைக் கொண்டு முடிவு செய்கிறது. பாறையில் இளஞ்சிவப்புப் பூச்சாகப் படரும் சுண்ணாம்புப் பாசியும், அதன் மேல் வாழும் நுண்ணுயிர்ப் படலமும் பல இனங்களுக்கு முக்கியமான அழைப்பு. அந்தப் பாசியின் சுண்ணாம்பும் மக்னீசியம் மிகுந்த கால்சைட்தான், அதுவும் அமில நீரில் பாதிக்கப்படுகிறது. ஆகவே குஞ்சு நலமாக இருந்தும் இறங்க இடம் குறையலாம். இறங்கிய புதிதில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முதல் முட்களை அப்போதுதான் வளர்க்கிறது. ஹீலியோசிடாரிஸ் குஞ்சுகளில், வெப்பமும் அமிலமும் சேர்ந்தபோது முட்களின் எண்ணிக்கை குறைந்தது.

படி 7: வளர்ந்த முள்ளெலியும் கால அளவும்

வளர்ந்த முள்ளெலி பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் எவ்வளவு காலம் கழித்துப் பார்க்கிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும். இதற்கு 2013இல் பச்சைக் கடல் முள்ளெலியைப் பற்றி வெளியான நீண்டகால ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நான்கு மாதம் அமில நீரில் இருந்த பெண் முள்ளெலிகளின் முட்டை உற்பத்தி, இயல்பு நீரில் இருந்தவற்றோடு ஒப்பிட்டால் நாலரை மடங்கு குறைந்தது. பதினாறு மாதம் இருந்தவற்றில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நான்கு மாதத்தோடு நிறுத்தியிருந்தால் பேரழிவு என்று எழுதியிருப்பார்கள். பதினாறு மாதத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நான்கு மாதம் மட்டும் பழகிய தாய்களின் சந்ததியில் குஞ்சுப் பருவத்தை எட்டியவை பல மடங்கு குறைவு. தாய் படும் அழுத்தம் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

வெப்பத்தையும் இங்கேயே சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். கடல் அமிலமாகும்போதே சூடாகவும் ஆகிறது. டிரிப்னூஸ்டிஸ் கிராட்டில்லாவில் மிதமான வெப்ப உயர்வு, அமிலத்தால் குறைந்த வளர்ச்சியை ஓரளவு ஈடுகட்டியது. வெப்பம் உயர்ந்தால் வளர்சிதை மாற்றம் வேகமாகும், கனிமம் படிவதும் எளிதாகும். ஆனால் இனத்துக்கு இனம் ஒரு வெப்ப வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்தே அழுத்தும்.

படி 8: நடத்தை

முள்ளெலிக்கு மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து பிரியும் ஐந்து ஆர நரம்புகள், அவ்வளவுதான். கண்ணும் இல்லை. ஆனால் 2006இல் ஊதா முள்ளெலியின் மரபணுத் தொகுதி வெளியானபோது, ஒளியை உணரும் புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் இருப்பது தெரிந்தது. குழாய்க் கால்களே ஒளியையும் ரசாயனத்தையும் தொடுதலையும் உணர்கின்றன. இவ்வளவு எளிய அமைப்பை வைத்துக்கொண்டு அது உணவைத் தேடுகிறது, வேட்டையாடியிடமிருந்து விலகுகிறது, சிப்பித் துண்டுகளையும் பாசியையும் தலைமேல் தூக்கி மூடிக்கொள்கிறது.

நடத்தையை அளக்க மிகவும் பயன்படும் சோதனை, கவிழ்த்துப்போட்டால் நிமிர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. வாய் மேலே பார்க்கும்படி முள்ளெலியை நீரடியில் வையுங்கள். முதலில் முட்கள் மட்டும் அசையும். சிறிது நேரத்தில் ஒரு பக்கத்து வரிசையிலிருந்து மெல்லிய நூல்களாகக் குழாய்க் கால்கள் நீண்டு வரும். தொட்டுப் பார்க்கும், விலகும், மறுபடி தொடும். ஒரு கால் ஒட்டிக்கொண்டதும் பக்கத்துக் கால்களும் ஒட்டும். அப்புறம் உடல் அந்தப் பக்கம் மெல்லச் சாயும். ஓரத்தில் நிற்கும் நிலைக்கு வந்ததும் முட்கள் ஊன்றிக்கொள்ள, மீதிப் பாதியில் சட்டென்று விழுந்து நிமிரும். இந்த ஒரே செயலில் நரம்பின் ஒருங்கிணைப்பு, தசை வலிமை, கால் நுனித் தட்டுகளின் ஒட்டும் பசை, நீர்க் குழாய் அமைப்பின் அழுத்தம் எல்லாமே சோதிக்கப்படுகின்றன. அதனால் நேரம் கூடினால் ஏதோ ஒன்று பலவீனமாகியிருக்கிறது என்று சொல்லலாம். எது என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெப்பநிலை, உடலளவு, பட்டினி, அண்மையில் முட்டையிட்டதா என்பது எல்லாமே நேரத்தை மாற்றும்.

உணவு தேடலைக் கடலிலேயே சோதித்த ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில், கடல்தரையில் வைத்த கால்வாய் போன்ற அறைக்குள் கார்பன் டைஆக்சைடு மிகுந்த நீரைக் கலந்து, இளஞ்சிவப்பு ஆழ்கடல் முள்ளெலிகளின் நடமாட்டத்தை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அமில நீரில் அவை கெல்ப் உணவை அடைய அதிக நேரம் எடுத்துக்கொண்டன. மோப்பம் மங்கியதாலா, நடை தளர்ந்ததாலா? இரண்டுமே சாத்தியம். உணவு எப்போதாவது மேலிருந்து விழும் ஆழ்கடலில் தாமதமாகப் போய்ச் சேர்வது பட்டினிக்குச் சமமாகலாம்.

நடத்தை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். அமில நீர் பவளப்பாறை மீன்களின் மோப்பத்தையும் முடிவெடுக்கும் திறனையும் குழப்புகிறது என்று பல ஆய்வுகள் சொல்லி வந்தன. மூளையில் காபா என்ற நரம்பு வேதிப்பொருளின் ஏற்பிகள் தலைகீழாக இயங்குவதே காரணம் என்றும் விளக்கப்பட்டது. 2020இல் நேச்சர் இதழில் வந்த பெரிய மறுசோதனை அந்தப் பாதிப்புகளைக் காணவில்லை. எனவே மீனுக்குச் சொன்னதை அப்படியே முள்ளெலிக்கு எடுத்துப் பொருத்தாதீர்கள். முள்ளெலியின் நடத்தை மாற்றங்களில் பெரும்பகுதிக்கு ஆற்றல் குறைவும் தசைச் சோர்வுமே எளிமையான விளக்கம் என்பது என் கருத்து. நரம்பைத் தனியாகச் சோதிக்காமல் நரம்பின் மேல் பழி போடக் கூடாது.

படி 9: சோதனை செய்ய நினைத்தால்

கல்லூரி ஆய்வகத்தில் சிறிய அளவில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் சில விஷயங்களில் சமரசம் கூடாது.

நீரை அமிலமாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். பிஎச் குறையும், ஆனால் மொத்தக் காரத்தன்மையும் (அமிலத்தைத் தாங்கி ஈடுகட்டும் நீரின் திறன்) சேர்ந்து குறைந்துவிடும். கரைந்த கார்பன் டைஆக்சைடும் பைகார்பனேட்டும் எதிர்காலக் கடலில் இருப்பதுபோல இருக்காது. வாயுவையே குமிழ்களாகச் செலுத்துங்கள். பிஎச்சோடு மொத்தக் காரத்தன்மை, வெப்பநிலை, உப்பளவு ஆகியவற்றையும் அளந்தால்தான் மற்ற கார்பனேட் அளவுகளைக் கணக்கிட முடியும். நன்னீருக்கான சாதாரணத் தாங்கல் கரைசலில் சரிபார்த்த மின்முனை கடல்நீரில் தவறான எண் காட்டும். கடல்நீர் உப்பளவில் தயாரித்த டிரிஸ் என்ற தாங்கல் கரைசலோ, மெட்டா கிரெசால் ஊதா சாயத்தைக் கொண்டு செய்யும் நிறமாலை முறையோ நம்பகமானவை.

தொட்டி சிறியதாக இருந்து முள்ளெலிகள் நிறைய இருந்தால், அவற்றின் சுவாசமே கட்டுப்பாட்டுத் தொட்டியின் (ஒப்பிடுவதற்காக இயல்பு நீர் வைத்த தொட்டி) பிஎச்சை இறக்கிவிடும். தினமும் அளக்காவிட்டால் இது கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, ஒரே தொட்டியில் இருபது முள்ளெலிகளை வைத்துவிட்டு இருபது மாதிரிகள் என்று எழுதக் கூடாது. தொட்டிதான் மாதிரி. ஒவ்வொரு பிஎச் அளவுக்கும் பல தொட்டிகள் வேண்டும்.

உடற்குழித் திரவத்தை எடுக்க, வாயைச் சுற்றியுள்ள மென்தோல் வழியாக நுண்ணூசியைச் செலுத்தி மெதுவாக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டு இழுத்தாலோ காற்றுக் குமிழ் கலந்தாலோ கார்பன் டைஆக்சைடு தப்பிவிடும். பிஎச் உண்மையைவிட உயர்வாகக் காட்டும். எடுத்த உடனே, முள்ளெலி இருந்த அதே வெப்பநிலையில் அளந்துவிடுங்கள். விந்து, முட்டை வேண்டுமானால் 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சிறிதளவு உடற்குழிக்குள் செலுத்துவது வழக்கமான முறை.

நிமிரும் நேரத்தைப் பதிவு செய்பவருக்கு எந்த விலங்கு எந்த நீரிலிருந்து வந்தது என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரை கண்ணாடியா, கல்லா, மணலா என்பது எல்லாச் சோதனைகளிலும் ஒன்றாக இருக்கட்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு உணவு என்பதை எடை போட்டு எழுதுங்கள். திடீரென்று பிஎச்சை இறக்காமல் சில நாட்களில் படிப்படியாக இறக்குங்கள்.

படி 10: முடிவுகளைப் படிப்பது

இந்தத் துறையில் "முள்ளெலி" என்று பொதுவாகச் சொல்லும் தலைப்பைப் பார்த்தால் எந்த இனம், எந்தக் கடற்கரை, எந்தப் பருவம் என்று உடனே தேடுங்கள். மேலேறும் ஆழ்நீருக்குப் பழகிய ஊதா முள்ளெலியின் லார்வாக்கள் அமில நீரிலும் ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தன என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, கனிமம் படிதல், கொழுப்பு வளர்சிதை மாற்றம், அயனிச் சமநிலை ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணு வகைகளின் விகிதம் சில நாட்களிலேயே மாறியிருந்தது. அதாவது சராசரி அளவு மாறாமல் இருந்த அதே தொட்டியில், சில வகை லார்வாக்கள் தங்கி வேறு சில மறைந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் மரபணு வகைகள் நிறைய இருக்கும் வரை இந்தத் தேர்வு உதவும். சிறிய, தனிமைப்பட்ட கூட்டங்களில் அந்த வகைமை இருக்காது.

கடலடியில் எரிமலைச் செயல்பாட்டால் கார்பன் டைஆக்சைடு குமிழ்ந்து வரும் இடங்கள் இயற்கையே அமைத்த ஆய்வகங்கள். இத்தாலியின் இஸ்கியா தீவருகே குமிழ்கள் வரும் பகுதிக்கு நெருங்க நெருங்க முள்ளெலிகள் குறைகின்றன. இத்தாலியின் வல்கானோ தீவருகே உள்ள இதே போன்ற இடத்தில், எந்த இனம் எவ்வளவு தாங்குகிறது என்பதற்கும் அதன் உடல் திரவத்தின் அமிலச் சமநிலைத் திறனுக்கும் தொடர்பு இருக்கிறது. பாப்புவா நியூ கினியில் நிலைமை வேறு: குமிழ்கள் வரும் இடத்தில் வாழும் எக்கினோமெட்ரா முள்ளெலிகள், சாதாரண நீரில் வாழ்பவற்றைவிட வேகமாக வளர்ந்தன. கார்பன் டைஆக்சைடு கூடினால் பாசியும் நன்றாக வளரும், உணவு கூடும், அதிக செலவையும் தாங்க முடியும் என்பது அதற்கு ஒரு விளக்கம்.

ஆனால் இந்த இடங்களைப் பற்றிப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமிழ்கள் வரும் பகுதி சில நூறு மீட்டர் அகலமே இருக்கும். முள்ளெலியின் லார்வாவோ வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து செல்லும். எனவே அங்கே வாழும் வளர்ந்த முள்ளெலிகளில் பலவற்றின் லார்வாப் பருவம் வெளியே, சாதாரணக் கடலில் கழிந்திருக்கக்கூடும். அவை காட்டுவது வளர்ந்த விலங்கின் தாங்குதிறனை. மிகவும் நெருக்கடியான லார்வாப் பருவத்தையும் அதே நீரில் கடந்து வந்தன என்பதற்கு அவை சான்று ஆகாது.